இரண்டு காலண்டர்: டர்பனில் படிக்க வந்தவர்கள் கல்லூரியிடம் புகார் கொடுப்பது எப்படி

ஜனவரி இரண்டாவது வாரம் ஒரு தம்பி போன் செய்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், டர்பனில் முதுகலை, இரண்டாம் வருடம் தொடங்கப் போகிறது. "அண்ணா, போர்ட்டலைத் திறந்தாலே சிவப்பு எழுத்துல ஹோல்டுன்னு வருது. ஃபீஸை நவம்பர்லயே கட்டிட்டேன். டிசம்பர்ல நாலு தடவை கவுண்டருக்குப் போயிட்டு வந்துட்டேன், ஒவ்வொரு தடவையும் ஜஸ்ட் நௌ பண்ணித் தர்றோம்னுதான் சொன்னாங்க." ஃபீஸ் பாக்கி என்று கல்லூரி மாணவர் கணக்கில் போடும் தடைதான் ஹோல்டு. விசா என்றைக்கு முடிகிறது என்று கேட்டேன். மார்ச் 31 என்றான், இன்னும் இரண்டரை மாதம் கிடக்கிறதே என்கிற நிம்மதியோடு. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

தென்னாப்பிரிக்காவில் படிப்பு விசாவை நீட்டிக்க, அது முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்னாலேயே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 30. விண்ணப்பத்தோடு கல்லூரியின் கடிதத்தை வைக்க வேண்டும், அந்தக் கடிதத்தை இன்டர்நேஷனல் ஆபீஸ் தர வேண்டும், ஹோல்டு நீங்காமல் அவர்கள் தர மாட்டார்கள், ஹோல்டை நீக்க வேண்டியது ஃபீஸ் ஆபீஸ், ஃபீஸ் ஆபீஸோ ஜஸ்ட் நௌ என்கிறது. எண்ணிப் பார்த்தால் அவன் கையில் மூன்று வாரம்கூட இல்லை.

இந்த ஜஸ்ட் நௌ பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நம் காதில் அது 'இதோ, இப்பவே' என்று விழும். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு 'அப்புறம்' என்றுதான் பொருள். அந்த அப்புறம் அரை மணி நேரமாகவும் இருக்கலாம், நாள் கணக்கிலும் போகலாம். நௌ நௌ என்று இரட்டித்துச் சொன்னால் கொஞ்சம் சீக்கிரம். சொல்கிறவர் ஏமாற்றவில்லை, அவர் பாஷையில் சரியாகத்தான் சொல்கிறார், நாம்தான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிறோம். இன்னொன்று, இங்கே வணக்கம் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் விஷயத்துக்குப் போக வேண்டும். நம் ஊர் பேங்கில் மாதிரி நேராக "சார், இந்தச் செலான்" என்று நீட்டினால் முகம் சுருங்கிவிடும். அப்புறம் கவுண்டரில் இருப்பவரின் பெயர்ப்பலகையில் கோவெண்டர் என்றோ மூட்லி என்றோ இருப்பதைப் பார்த்துத் தமிழில் ஆரம்பிக்காதீர்கள். கோவெண்டர் என்பது நம் கவுண்டர் திரிந்ததுதான் என்பார்கள் (கவுண்டரில் கவுண்டர், ஆமாம், எல்லாரும் அடிக்கும் ஜோக்), ஆனால் 1860-இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகளுக்கு ஐந்தாறு தலைமுறையில் வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. கோயிலில் தேவாரம் பாடுகிற அம்மாவுக்கும் உங்கள் புகாரை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் மாணவனுக்குக் கல்லூரியோடு தகராறு என்றால் கல்லூரியின் காலண்டர் ஒன்றைப் பார்த்தால் போதும். நமக்கு இரண்டாவது காலண்டர் ஒன்று, விசா கொடுக்கும் உள்துறையான ஹோம் அஃபேர்ஸின் சுவரில் தொங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. பல்கலைக்கழகம் டிசம்பர் நடுவில் கதவைச் சாத்திவிட்டு ஜனவரியில்தான் திறக்கும், பிப்ரவரியில் ஃபீஸ் போராட்டம் வந்தால் வளாகம் சில நாள் முடங்கும், விசாரணைக் குழு மாதத்துக்கு ஒரு தடவை கூடும். விசா தேதி மட்டும் எதற்கும் நிற்காது. பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன், நம் பிள்ளைகள் தோற்ற புகார்களில் பாதிக்கு மேல் நியாயமான புகார்கள். முதல் காலண்டரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்ததால் கைவிட்டுப் போனவை.

அந்தத் தம்பி டிசம்பர் 9 அன்று அனுப்பியிருந்த மெயிலைக் காட்டினான். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, அப்பா நிலத்தை அடகு வைத்தது, தான் இரண்டு வாரமாகத் தூங்காதது, இந்த நாட்டின் மேல் தான் வைத்திருந்த மரியாதை என்று ஒன்றரைப் பக்கம். மாணவர் எண் எங்கேயும் இல்லை. பணம் அனுப்பிய பேங்க் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அங்கேயும் அதே கதை: குறிப்புக் கட்டத்தில் மாணவர் எண்ணுக்குப் பதிலாக அவன் பெயரை, அதுவும் இனிஷியலோடு, ஊரில் இருக்கிற பேங்க்காரர் அடித்து அனுப்பியிருக்கிறார். பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது, யாருடைய பணம் என்று தெரியாமல் பொதுக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இவன் பைசா கட்டவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து ஏழு வரியில் வேறொரு மெயில் எழுதினோம். தலைப்பிலேயே மாணவர் எண், பக்கத்தில் 'விசா கெடு ஜனவரி 30'. முதல் வரியில் எந்தத் தேதியில் எவ்வளவு ராண்ட் எந்த பேங்கிலிருந்து அனுப்பியது, ஸ்விஃப்ட் ரசீது இணைப்பில். இரண்டாவது வரியில் குறிப்பில் எண் இல்லை என்ற தன் பக்கத்துத் தவறு. மூன்றாவதில் அதனால் விழுந்த ஹோல்டு. நான்காவதில் கவுண்டருக்குப் போன நான்கு தேதிகள், அவ்வளவுதான், யார் என்ன சொன்னார்கள் என்ற கதை இல்லை. ஐந்தாவது வரிதான் முக்கியம்: பணத்தை என் கணக்கில் சேர்த்து ஹோல்டை நீக்குங்கள், அதற்கு நேரமாகும் என்றால் பணம் வந்திருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இன்டர்நேஷனல் ஆபீசுக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஆறாவதில் 23-ஆம் தேதிக்குள் கடிதம் கிடைத்தால்தான் 30-க்குள் விண்ணப்பிக்க முடியும். ஏழாவதில், இது உங்கள் மேசைக்கு உரியது இல்லையென்றால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். நகல் இன்டர்நேஷனல் ஆபீசுக்கு.

நான்காவது வேலை நாளில் ஹோல்டு போய்விட்டது. இடையில் இருந்த பேங்க் ஒன்று கமிஷனாகக் கொஞ்சம் பிடித்திருந்தது, அந்தத் துண்டுத் தொகையை அன்றே கட்டினான்.

இதில் ஐந்தாவது வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் புகார் எழுதும்போது நடந்ததை எல்லாம் எழுதிவிட்டு என்ன வேண்டும் என்பதை எழுத மறந்துவிடுகிறோம். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று முடிப்பது தாலுகா ஆபீஸ் மனுவில் வந்த பழக்கம். அந்தத் தக்க நடவடிக்கை என்னவென்று படிப்பவர் யோசிக்க வேண்டியிருந்தால் மெயில் கீழே போய்விடும். ஒன்றைக் கேளுங்கள், கூடவே அதற்குக் குறைவான இன்னொன்றையும் கேளுங்கள். மேசையில் இருக்கும் ஆளுக்கு ஹோல்டை நீக்கும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், ஒரு வரி எழுதிக் கொடுக்கும் அதிகாரம் நிச்சயம் இருக்கும்.

இனி, எங்கே போவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் புகாருக்கென்றே ஓஐஏ என்று சுதந்திரமான அமைப்பு ஒன்று இருக்கிறது, கல்லூரி கைவிரித்தால் இலவசமாக அங்கே போகலாம். ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரியில் தேசிய மாணவர் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) வந்தது. அதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இங்கேயும் அப்படி ஒரே கதவு இருக்கும் என்று தேடுகிறார்கள். இங்கே கதவுகள் பல, எது உங்களுடையது என்பது முதலில் கல்லூரி எந்த வகை என்பதைப் பொறுத்தது. அரசுப் பல்கலைக்கழகங்கள் 26, அரசுத் தொழிற்கல்லூரிகள் 50, மற்றவை பெரும்பாலும் தனியார். தனியார் என்றால் உயர்கல்வித் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும், பாடத்தின் தரத்துக்கு அங்கீகாரம் உயர்கல்வி கவுன்சிலிடம் வாங்கியிருக்க வேண்டும், பட்டம், கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் அமைப்பான சாக்காவின் தேசியப் பட்டியலில் எண்ணோடு இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் காலேஜ் என்றால் பல துறைகளைச் சேர்த்த பெரிய பிரிவுக்குப் பெயர், மனிதவியலுக்கு ஒரு காலேஜ், மருத்துவ அறிவியலுக்கு ஒன்று என்று நான்கு இருக்கின்றன. அங்கே காலேஜ் ஆபீசில் புகார் கொடு என்று யாராவது சொன்னால் அது வேறு, ஊருக்குள் மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்துகிற காலேஜ் வேறு.

எந்த வகையானாலும் வெளியே போவதற்கு முன் உள்ளே இருக்கிற படிகளை முடித்தாக வேண்டும். பாடம் நடத்துபவர், துறைப் பொறுப்பாளர், டீன், ரெஜிஸ்ட்ரார் என்று அது ஏறும். கேப்டவுன், ஸ்டெல்லன்போஷ் போன்ற பல்கலைக்கழகங்களில் தனியாக ஆம்புட் (குறைதீர்ப்பு) அலுவலகமும் இருக்கிறது. அது தீர்ப்புச் சொல்லாது, இரண்டு பக்கமும் கேட்டு வழி பார்க்கும். உங்கள் வளாகத்தில் அது இருக்கிறதா என்று முதல் வாரமே பார்த்து வையுங்கள். படியைத் தாண்டி நேராகத் துணைவேந்தருக்கு எழுதுவதில் நம் ஆட்களுக்குத் தனி ஆசை, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு மனு அனுப்பிப் பழகியவர்கள் அல்லவா. அந்தக் கடிதம் எந்தத் துறையின் மேல் புகாரோ அந்தத் துறைக்கே 'பார்க்கவும்' என்று திரும்பி வரும், நடுவில் மூன்று வாரம் போயிருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்: இதுதான் உங்கள் முடிவா, எழுத்தில் தாருங்கள். அந்தக் காகிதம்தான் அடுத்த படிக்கு நுழைவுச் சீட்டு.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நமக்குக் கையில் ஒரு நல்ல ஆயுதம் உண்டு, நம் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட எடுப்பதில்லை. இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு நியாயமான நிர்வாக நடவடிக்கைக்கு 'ஒவ்வொருவருக்கும்' உரிமை என்கிறது. குடிமக்களுக்கு என்று எழுதவில்லை, ஒவ்வொருவருக்கும் என்று எழுதியிருக்கிறது. அதை வைத்து 2000-இல் வந்த சட்டத்தைச் சுருக்கமாகப் பாஜா என்பார்கள். உங்களைப் படிப்பிலிருந்து நீக்கினாலோ, மறுபதிவு மறுத்தாலோ, தெரிய வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் காரணம் எழுத்தில் கேட்கலாம், கேட்டதிலிருந்து அவர்கள் 90 நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் அந்த முடிவுக்குத் தக்க காரணம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, இருக்கிறது என்று காட்டும் சுமையைச் சட்டம் அவர்கள் தலையில் வைக்கிறது. நீதிமன்றம் வரை போவதானால் உள்முறையீடு முடிந்ததிலிருந்து 180 நாள்தான் உச்சவரம்பு. நான் நீதிமன்றம் போ என்று சொல்லவில்லை, செலவு தாங்காது. ஆனால் 'பாஜா ஐந்தாம் பிரிவின்படி காரணங்களைக் கேட்கிறேன்' என்ற ஒரு வரி மெயிலில் இருந்தால் அது துறைச் செயலாளரின் மேசையிலிருந்து ரெஜிஸ்ட்ராரின் மேசைக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆவணம் கேட்பதற்கு வேறு சட்டம், பாயா, அதுவும் 2000-இல் வந்தது. உங்கள் ஆய்வேட்டைத் திருத்தியவர்களின் அறிக்கை, உங்களைப் பற்றி நடந்த கூட்டத்தின் குறிப்பு போன்றவற்றை அதற்கான படிவத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். நமக்கு இது புதிதல்ல, ஊரில் ஆர்டிஐ போட்டுப் பழகியதுதான். தனியார் கல்லூரியிடமும் கேட்கலாம், ஆனால் எந்த உரிமையைக் காப்பாற்ற அது தேவை என்று சொல்ல வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டலில் பிழை, ஒரு பக்கம் திருத்தாமல் விடுபட்டது, விதிப்புத்தகத்தில் சொன்ன முறை பின்பற்றப்படவில்லை என்றால் ஜெயிக்கலாம். என் பதிலுக்கு இன்னும் ஐந்து மதிப்பெண் தகும் என்பதில் உள்ளேயும் சரி, நீதிமன்றத்திலும் சரி, யாரும் கை வைக்க விரும்ப மாட்டார்கள். விடைத்தாளைப் பார்க்கவும் மறுதிருத்தம் கேட்கவும் கெடு மிகக் குறைவு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும், முடிவு வந்த அன்றே விதியைத் திறந்து பாருங்கள்.

ஆராய்ச்சி மாணவர்களின் புகார் வேறு ரகம். தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முனைவர் பட்டத்துக்கோ அதற்குப் பிந்தைய ஆய்வுக்கோ வருகிறவர்கள், நானும் அப்படி வந்தவன்தான். ஊரில் கைடு, இங்கே சூப்பர்வைசர். ஊரில் கைடின் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் இங்கே அவரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றதும் வாய் வராமல் இரண்டு மாதம் 'புரொஃபசர்' என்றே ஓட்டினேன். மாதா பிதா குரு தெய்வம் என்று ஒப்பித்து வளர்ந்தவனுக்குக் குருவைப் பற்றிப் புகாரா? என்னுடைய மூன்றாவது அத்தியாயம் ஏழு மாதம் அவர் மேசையில் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் ஜஸ்ட் நௌ. உதவித்தொகை மூன்று வருடத்துக்குத்தான், அது ஓடிக்கொண்டிருந்தது, விசாவும் அதோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்ததெல்லாம் நண்பர்களிடம் புலம்பியது, டர்பனின் ஓவர்போர்ட் பகுதியில் ஒரு வீட்டு அடுக்களையில், பிளாஸ்டிக் நாற்காலியில், பன்னி சௌவை (ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் இந்த ஊர்ச் சாப்பாடு) பிய்த்துத் தின்றுகொண்டே. பாதி ரொட்டி தீர்வதற்குள் அந்தப் பேராசிரியரின் ஏழு தலைமுறையும் தீர்ந்துவிடும். மறுநாள் காலையில் "குட் மார்னிங் புரொஃபசர்".

அந்த அடுக்களையில்தான் மலையாளி சேச்சி ஒருவர், எனக்கு இரண்டு வருடம் சீனியர், "சேர்ந்தப்போ ஒரு ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டியே, அதைப் படிச்சியா?" என்று கேட்டார். படிக்கவில்லை. இங்கே நிறையப் பல்கலைக்கழகங்களில் மாணவரும் சூப்பர்வைசரும் முதலில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திடுவார்கள், எத்தனை நாளுக்கு ஒரு சந்திப்பு, கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்னுடையதில் நான்கு வாரம் என்று இருந்தது. அதன் பிறகு நான் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்று மாலையே ஒரு சின்ன மெயில்: இன்று இதைப் பேசினோம், நான் இதை முடித்துத் தருகிறேன், மூன்றாம் அத்தியாயத்தை 15-ஆம் தேதி தருவதாகச் சொன்னீர்கள், நன்றி. மூன்று மெயில் ஆனது, மூன்று 15-ஆம் தேதியும் போனது. நான்காவதாகத் துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். புகார் என்ற சொல்லே அதில் இல்லை. சூப்பர்வைசருக்கு வேலைப்பளு அதிகம், என் உதவித்தொகை இன்ன தேதியில் முடிகிறது, இணை நெறியாளர் ஒருவரை நியமிக்க முடியுமா, முன்னால் போன மெயில்கள் இணைப்பில். ஒரு மாதத்துக்குள் இணை நெறியாளர் வந்தார். பழையவர் கோபப்படவில்லை, அவருக்கும் பாரம் இறங்கிய நிம்மதி என்றுதான் எனக்குப் பட்டது. அவரை மாற்று என்று கேட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

இப்போது எல்லாரும் கேட்காமல் மனசுக்குள் வைத்திருக்கிற கேள்வி. புகார் கொடுத்தால் விசாவைப் பிடுங்கிவிடுவார்களா? கல்லூரிக்கு விசாவை ரத்து செய்யும் அதிகாரம் கிடையாது, அது ஹோம் அஃபேர்ஸ் வேலை. புகார் கொடுத்தது எந்தச் சட்டத்திலும் ரத்துக்குக் காரணம் இல்லை. ஆனால் கல்லூரிக்கு ஒரு கடமை இருக்கிறது: நீங்கள் பதிவில் இல்லாமல் போனால் 30 நாளுக்குள் அவர்கள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், உங்களுக்குக் கடிதம் கொடுக்கும்போதே அப்படி எழுதிக் கொடுத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆபத்து இங்கேதான் வருகிறது. கோபத்தில் வகுப்புக்குப் போகாமல் இருப்பது, ஃபீஸைக் கட்டாமல் நிறுத்தி வைப்பது, இந்தக் கல்லூரியே வேண்டாம் என்று பதிவை ரத்து செய்வது, இவை எல்லாம் உள்ளூர்க்காரனுக்கு எதிர்ப்பு, நமக்கு விசாவின் அடிக்கல்லை நாமே உருவுவது. விசாவில் கல்லூரியின் பெயர் அச்சாகியிருக்கும், வேறு கல்லூரிக்கு மாறினால் அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். சண்டை போடுங்கள், பதிவில் இருந்துகொண்டு போடுங்கள். காலம் கடந்து தங்கினால் 30 நாள் வரை என்றால் 12 மாதம், அதற்கு மேல் என்றால் 5 வருடம் நாட்டுக்குள் வரத் தடை விழும், என் புகார் நிலுவையில் இருந்தது என்று விமான நிலையத்தில் சொன்னால் அந்த அதிகாரிக்கு அது சம்பந்தமில்லாத செய்தி.

பாலியல் தொல்லை, நிறத்தையோ நாட்டையோ வைத்து வேறுபாடு காட்டி அவமதிப்பது போன்றவற்றில் நான் மேலே சொன்ன பொறுமை எல்லாம் வேண்டாம். இதற்குத் துறைத் தலைவர் வழியாகப் படிப்படியாக ஏற வேண்டிய அவசியம் இல்லை, வளாகத்தில் இதற்கென்று இருக்கும் அலுவலகத்துக்கு நேராகப் போகலாம், குற்றம் என்றால் போலீசுக்கும் போகலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். மனித உரிமை ஆணையம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலேயே சமத்துவ நீதிமன்றம் உட்காருகிறது, வழக்குப் போடக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, வெளிநாட்டவர் என்பது தடை இல்லை. வீட்டில் சொன்னால் திரும்பி வா என்பார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த பெண்கள் இருவரை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தங்குமிடம் பற்றிய தகராறு, வீட்டுக்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தராதது போன்றவை, தனியார் வாடகை வீடு என்றால் கல்லூரியின் வேலையே இல்லை. மாகாண வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், இலவசம்.

கட்டண விகிதத்தில் ஒரு சின்ன விஷயம், மொரீஷியஸிலிருந்து வருகிற நம் பிள்ளைகளுக்கு. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக் 1997-இல் செய்துகொண்ட கல்வி உடன்படிக்கையில், உறுப்பு நாட்டு மாணவரைக் கட்டணத்திலும் தங்குமிடத்திலும் உள்நாட்டு மாணவராக நடத்த வேண்டும் என்று இருக்கிறது. மொரீஷியஸ் அதில் உறுப்பு நாடு. பல பல்கலைக்கழகங்கள் உள்ளூர்க் கட்டணத்தோடு வெளிநாட்டு மாணவருக்கான தனிக் கட்டணம் ஒன்றைச் சேர்த்து வாங்குகின்றன. ஆனால் பில்லில் சாடெக் அல்லாத நாட்டு விகிதமே விழுந்திருந்தால் அது அநேகமாகக் கணினியில் நாட்டின் பெயரைத் தவறாகத் தட்டியது, பாஸ்போர்ட் நகலோடு கேட்டால் சரியாகும். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தனியார் கல்லூரிக்கு வந்து மாட்டிக்கொள்பவர்களின் கதை பெரும்பாலும் ஊரிலேயே தொடங்குகிறது, ஏதோ ஒரு கன்சல்டன்சியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். அங்கே சொன்னதற்கும் இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கும் சம்பந்தம் இருக்காது. பதிவே இல்லாத கல்லூரி என்றால் அது புகார் விஷயம் இல்லை, குற்றம், உயர்கல்விச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நேராக உயர்கல்வித் துறைக்கு எழுதுங்கள், விசாவைப் பற்றி அன்றே ஆலோசனை கேளுங்கள். பதிவுள்ள கல்லூரி, ஆனால் சொன்ன பாடத்தை நடத்தவில்லை, ஆசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை என்றால் உள்முறையீட்டை முடித்துவிட்டு உயர்கல்வி கவுன்சிலுக்கு எழுதலாம், அது தரத்தைப் பார்க்கும் அமைப்பு, உங்கள் பணத்தை வாங்கித் தராது. பணத்துக்கு 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் சேவை என்பதன் விளக்கத்திலேயே கல்வி இருக்கிறது, ஒப்பந்தம் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போகலாம், மெதுவாகத்தான் நகரும். ஒப்பந்தத்தில் 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று பார்த்ததும் மனம் உடைந்துவிடாதீர்கள், அச்சில் இருப்பதாலேயே ஒரு வாசகம் செல்லுபடியாகிவிடாது.

அரசுப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கோளாறுக்கு உள்ளே எல்லாக் கதவும் மூடிவிட்டால், அரசு அமைப்புகளின் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டர் இருக்கிறார், இலவசம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மாணவர் பேரவையையும் மறக்காதீர்கள். நம் பிள்ளைகள் அதைக் கட்சி அரசியல் என்று ஒதுங்கிப் போகிறார்கள், கட்சி அரசியல்தான், மறுக்கவில்லை, அவர்களின் பெரிய போராட்டமும் வெளிநாட்டு விசாவில் வந்தவனுக்குக் கிடைக்காத அரசு உதவித்தொகையைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் பிப்ரவரியில் ஃபீஸ் ஹோல்டை ஒரே நாளில் நீக்க வைத்த பேரவைப் பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன், எந்த அதிகாரி எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இன்டர்நேஷனல் ஆபீசுக்கே தெரியாது. டர்பனில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம், பிரிட்டோரியாவில் இருக்கும் இலங்கைத் தூதரகம் இவை பாஸ்போர்ட், கைது, மரணம் போன்றவற்றுக்கு ஓடி வரும். மதிப்பெண்ணுக்கும் ஃபீஸுக்கும் கடிதம் ஒன்று எழுதித் தரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வாட்ஸாப் குழுவில் பேராசிரியரின் பெயர் போட்டு எழுதுவது மட்டும் வேண்டாம், அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் உங்கள் மேல் வரும் ஒழுங்கு விசாரணையின் முதல் இணைப்பாக இருக்கும்.

தூத்துக்குடித் தம்பி ஜனவரி 27 அன்று விசா மையத்தில் காகிதங்களைக் கொடுத்துவிட்டு ரசீதைப் படம் எடுத்து அனுப்பினான். இப்போது அவன் காலண்டரில் நவம்பர் 15-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறான். என்ன தேதி என்று கேட்டதற்கு, அன்றைக்கு ஃபீஸ் கணக்கு, முடிவுகள், நெறியாளரின் கையெழுத்து என்று எது பாக்கி இருந்தாலும் எழுத்தில் கேட்டுவிடுவானாம், ஆபீஸ் பூட்ட இன்னும் நாலு வாரம் இருக்கும்போதே. ஊரில் இருக்கிற பேங்க்காரருக்கும் மாணவர் எண்ணைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி அப்பா கையில் கொடுத்தனுப்பிவிட்டான்.